கைகாக்ஸின் இரண்டு குரல்கள்

கேரி கைகாக்ஸைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, இதே பக்கங்களில் எழுதுகிற நண்பர் ஒருவர் கேட்டார்: 'பகடையை உருட்டிப் பூதத்தைக் கொல்லும் விளையாட்டுக்கு விமர்சனம் ஒரு கேடா?' அந்த ஏளனம் எனக்குப் புதிதல்ல. வசனத்தை முறித்துப் போட்டுவிட்டுக் கவிதை என்கிறார்களே, அதற்கு விமர்சனம் ஒரு கேடா என்று ஒரு காலத்தில் நம்மைப் பார்த்துக் கேட்டவர்களின் தொனியும் ஏறக்குறைய இதுதான். ஆகவே அவருக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். சில இடங்களில் என் பதில் அவருக்கே சாதகமாகப் போகலாம். போகட்டும்.

விஷயம் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மேஜை. நாலைந்து பேர். ஒருவர் மட்டும் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் நடுவர். நிலவறையின் வரைபடமும், எந்த அறையில் என்ன காத்திருக்கிறது என்ற குறிப்பும் அவரிடம் இருக்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், புரோகிதன். நடுவர் அவர்கள் எதிரே இருப்பதைச் சொல்வார். பிறகு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். சொல்வதைச் செய்ய முடிந்ததா என்பதில் சந்தேகம் வந்தால் பகடை தீர்மானிக்கும். ஜெயிப்பவர் என்று யாருமில்லை. ஆட்டத்துக்கு முடிவும் இல்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் போகும். எல்லோரும் எழுந்து போனபின் மேஜையில் மிஞ்சுவது பென்சிலால் கிறுக்கிய சில காகிதங்கள். பார்வையாளனும் இல்லாமல் பிரதியும் இல்லாமல் நடக்கும் ஒரு கதைசொல்லல். 

1974-ல் இதற்கு முதல் அச்சு வடிவம் கொடுத்தவர்கள் இருவர். விஸ்கான்ஸின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கைகாக்ஸ் ஒருவர்; மின்னஸோட்டாவின் டேவ் ஆர்னெஸன் மற்றவர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். மூன்று சின்னப் புத்தகங்கள், அவற்றை வைக்க ஒரு பெட்டி, விலை பத்து டாலர், ஆயிரம் பிரதிகள். கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் 1973-ல் தொடங்கிய டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ் என்ற கம்பெனி, அச்சுக்கூலிக்குப் பணம் போதாமல் மூன்றாவதாக ஒருவரையும் பங்குக்குச் சேர்த்துக்கொண்டு இதைக் கொண்டுவந்தது. வீட்டில் உட்கார்ந்து கையாலேயே பெட்டிகளை அடுக்கினார்கள். சொந்தக் காசு, ஆயிரம் பிரதி, வீட்டிலேயே அடுக்கிக் கட்டுவது — இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. (அவர்களுடைய ஆயிரம் ஏறத்தாழ ஒரு வருஷத்தில் தீர்ந்துபோனது என்பதுதான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம்.)

நான் இதற்குள் வந்த கதை சிறியது. என் சகோதரியின் மகன் வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது, கொண்டுபோக இடமில்லாமல் என் அலமாரியில் சில புத்தகங்களை விட்டுப்போனான். அதில் ஒன்று கைகாக்ஸ் 1979-ல் எழுதிய டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட். போவதற்கு முந்தின வாரம் அவன் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். ஆள் குறைகிறது என்று என்னையும் உட்கார்த்திவைத்தார்கள். எனக்கு ஒரு புரோகிதன் வேஷம். நாலே நாலு ஹிட் பாயிண்ட். ஒரு பாழுங்கிணறு, அதற்குள் இறங்கும் படிகள். என் முறை வந்தது. என்ன செய்கிறீர்கள் மாமா என்று மருமகன் கேட்டான். பதில் வரவில்லை. நாற்பது வருஷமாக எழுதுகிறேன். நான் எழுதியதைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக நிறையச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கதையின் நடுவில் நின்றுகொண்டு, அடுத்து நீ என்ன செய்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அன்று நான் பட்ட கூச்சம்தான் இந்தக் கட்டுரைக்கு மூலம். அவன் போனபின் அந்தத் தடித்த புத்தகத்தை ஒரு வாரம் வாசித்தேன். பிறகு கைகாக்ஸ் வெவ்வேறு காலங்களில் சொன்னவற்றைத் தேடிப் பிடித்து வாசித்தேன். 

அதில் இரண்டு மனிதர்கள் பேசுகிறார்கள்.

1974-ன் மூன்றாம் புத்தகம் முடிகிற இடத்தில் ஒரு பின்குறிப்பு உண்டு. விதிகளில் விட்டுப்போனதை நீங்களே இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள், உங்களுக்காக நாங்கள் எதற்குக் கற்பனை செய்ய வேண்டும் என்கிற தொனி அதில். விதிமுறை நூல் ஒன்று தன்னையே தள்ளிவைக்கிற இந்தக் காரியம் சாதாரணமானதல்ல. 1975-ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லீ கோல்ட் என்ற பெண்மணி ஒரு மாத இதழ் தொடங்கினார்: அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ். (எலிசபெத் காலத்து நாடகங்களில், மேடைக்கு வெளியே போர்ச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது, நல்ல பெயர்.) ஒவ்வொருவரும் தங்கள் பக்கங்களைத் தாங்களே டைப் செய்து அனுப்புவார்கள், ஸ்டென்சிலில் உருட்டி, சேர்த்துத் தைத்து எல்லோருக்கும் போகும். எழுதுகிறவர்களே வாசகர்கள். அதன் இரண்டாம் இதழில் கைகாக்ஸின் கடிதம் ஒன்று வந்தது. ஊருக்கு ஊர் இந்த விளையாட்டு வேறுவேறு விதமாக ஆடப்படுவதுதான் தன் விருப்பம் என்றும், தன் கையில் அதிகாரம் இருக்கும்வரை எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்ப்பதற்கு இடம் கொடுக்கப்போவதில்லை என்றும் அதில் சொல்கிறார். உற்சாகமான கடிதம். சக பயணிகளிடம் பேசுகிற மனிதனின் குரல்.

மூன்றே வருஷம். 1978 ஜூலையில், தன் கம்பெனியின் பத்திரிகையான த டிராகனில், விளையாட்டில் யதார்த்தம் வேண்டும் என்று கேட்பவர்களையும் மாற்று விதிகள் எழுதுபவர்களையும் பிடித்துக்கொண்டு நீண்ட கட்டுரை ஒன்று எழுதுகிறார். அதன் தலைப்பிலேயே வசவு இருக்கிறது: தன்னகங்காரத்துக்காகச் சொந்தக் காசில் அச்சடித்துக்கொள்பவர்கள், திருட்டு நகலெடுப்பவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் எந்த ஸ்டென்சில் இதழுக்குக் கடிதம் எழுதினாரோ அந்த மாதிரி இதழ்கள்தான் இப்போது கேலிக்கு இலக்கு. 1979-ல் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின் முன்னுரையில், ஒரு மேஜையிலிருந்து எழுந்து இன்னொரு மேஜைக்குப் போகிற ஆட்டக்காரன் தான் அதே விளையாட்டைத்தான் ஆடுகிறோம் என்று உணர வேண்டும்; எல்லைக்குள் மாற்றம் செய்துகொள்ளலாம், ஆனால் எல்லையைத் தாண்டினால் அது இந்த விளையாட்டு அல்ல என்கிறார். 

இதற்கு எளிய விளக்கம் ஒன்று தயாராக இருக்கிறது. நண்பர் உடனே சொன்னதும் அதுதான்: காசு வந்தது, கலைஞன் கடைக்காரன் ஆனான். உண்மை இல்லாமல் இல்லை. ஆர்னெஸன் 1979-ல் ராயல்டிக்காக வழக்குத் தொடுத்தார். 1981-ல் சமரசம் ஆயிற்று. அட்வான்ஸ்ட் என்ற அடைமொழியோடு வந்த புதிய பதிப்பு பழைய விளையாட்டிலிருந்து வேறானது, முழுக்க வேறானது என்று அந்த 1979-லேயே கைகாக்ஸ் பத்திரிகையில் வலியுறுத்தி எழுதுகிறார். வேறு விளையாட்டு என்றால் பழைய கூட்டாளிக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஒருமைப்பாடு என்ற கொள்கைக்குப் பின்னால் ஒரு வக்கீலின் நிழல் விழுந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 

ஆனால் இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. காசு ஒரு மனிதனிடம் ஏற்கெனவே இல்லாத குரலை உண்டாக்கிவிடாது. இருக்கிற குரல்களில் ஒன்றுக்கு ஒலிபெருக்கி வாங்கித் தரும், அவ்வளவுதான். இரண்டாவது குரல் முதலிலிருந்தே அவரிடம் இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆபத்தைக் கணக்கிட்டு பிரீமியம் தீர்மானிக்கும் வேலையில் இருந்தவர் அவர். 1970-ல் அந்த வேலை போய், வீட்டு நிலவறையில் செருப்பு ரிப்பேர் செய்துகொண்டு விதி எழுதினார். எவன் எந்த வயதில் எந்த நோயில் சாவான் என்பதை அட்டவணையில் பார்த்துப் பழகிய கண்கள். டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடைத் திறந்தால் அந்தக் கண்கள்தான் நம்மைப் பார்க்கின்றன. எந்த நோய் எந்த உறுப்பைத் தாக்கும் என்பதற்கு அட்டவணை. ரத்தினங்களின் குணத்துக்கு, மூலிகைகளுக்கு, அரசாங்கத்தின் வகைகளுக்குப் பட்டியல். ராத்திரித் தெருவில் எதிர்ப்படும் வேசி எந்த ரகம் என்பதற்குக்கூட நூறுபக்கப் பகடை உருட்டிப் பார்க்க ஓர் அட்டவணை. நடுவரே இல்லாமல் பகடையைக் கொண்டே நிலவறையை வளர்த்துக்கொண்டு போக ஒரு பின்னிணைப்பு. நடையோ பழைய கலைக்களஞ்சியங்களில் புரண்டு எழுந்தது. எளிய சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது அரிய சொல்லை எட்டிப் பறிக்கும். பள்ளியை முடிக்காதவரின் அகராதிக் காதல் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஏளனமாக அல்ல, நம்மில் பலருக்கும் இருந்த காதல்தான். 

இப்படிப்பட்ட மனிதர், இன்னொரு பக்கம், எண்களை எண்களாக நம்பாதவர். இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருடைய பார்வையில் மிகவும் பலமான பகுதியும் இதுதான். ஹிட் பாயிண்ட் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். அனுபவம் ஏற ஏறப் பாத்திரத்துக்கு இந்த எண் கூடும், அடிபட்டால் குறையும், பூஜ்யமானால் சாவு. அனுபவம் கூடியதால் மனிதனின் சதை கெட்டிப்படுமா, குதிரை செத்துப்போகிற அடியை வாங்கிக்கொண்டு நிற்பானா என்று யதார்த்தவாதிகள் கேட்டார்கள். அது சதையின் அளவே அல்ல என்பது கைகாக்ஸின் பதில். கத்தி படும் கணத்தில் விலகிக்கொள்ளும் லாவகம், அதிர்ஷ்டம், தெய்வானுகூலம், உள்ளுணர்வு எல்லாம் சேர்ந்த ஒரு தொகை அது. கடைசிச் சில புள்ளிகள் மட்டுமே உடம்பு. அவருடைய சண்டையில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்தில் வீச்சுகள், தடுப்புகள், பாசாங்குகள் எத்தனையோ நடந்திருக்கும். பகடை சொல்வது அத்தனையின் பலனை மட்டும். எங்கே வெட்டுப்பட்டது, கை போயிற்றா கண் போயிற்றா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

அவர் தரும் காரணம் வெறும் ரசனைக் காரணமல்ல. ஒரே வீச்சில் தலை போகும் என்று ஒரு விதி சேர்த்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசிக்கச் சொல்கிறார். பூதம் ஒருமுறைதான் சண்டை போடும். ஆட்டக்காரனின் பாத்திரம் நூறு சண்டை போடும். நூறு முறை அந்த அபாயப் பகடை அவனுக்கு எதிராக உருட்டப்படும். நூற்றில் ஒன்று விழாமலா போகும்? யதார்த்தம் என்று வந்தது, நெடுங்கதை என்ற சாத்தியத்தையே கொன்றுவிடும். இன்ஷூரன்ஸ்காரனின் கணக்குதான், ஆனால் வந்து சேர்ந்த இடம் அழகியல். நம்மிடையே யதார்த்தவாதம் பற்றி நடந்த எத்தனையோ சண்டைகளில் இவ்வளவு தெளிவாக ஒருவர் வாதிட்டு நான் பார்த்ததில்லை. மேஸ்திரி கொத்துக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதுபோலப் பேசுகிறார்.

மந்திரமும் அப்படித்தான். அவருடைய மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்வான். உச்சரித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துபோகும். ஜாக் வான்ஸிடமிருந்து எடுத்தது. 1950-ல் வந்த த டையிங் எர்த் கதைகளில் வருகிறது இந்த உத்தி. தான் யாருக்குக் கடன்பட்டவன் என்று 1979 புத்தகத்தின் பின்னிணைப்பு ஒன்றில் பெயர் பெயராகச் சொல்லியிருக்கிறார்: வான்ஸ், ராபர்ட் ஹோவர்ட், ஃப்ரிட்ஸ் லீபர், டி கேம்ப் – ப்ராட் இரட்டையர், லவ்கிராஃப்ட், மெரிட். டோல்கீனின் பெயர் பட்டியலில் இருக்கிறது. நேரடிப் பாதிப்பு என்று தனித்துச் சொன்னவர்களில் இல்லை. டோல்கீனுக்கும் தனக்கும் பெரிய உறவில்லை என்று 1980களிலும் வாதாடினார். டோல்கீனின் உரிமை வைத்திருந்தவர்கள் தலையிட்டதால் ஹாபிட் என்ற பெயரை எடுத்துவிட்டு ஹாஃப்லிங் என்று போட வேண்டிவந்த சரித்திரம் இருக்கும்போது இந்த மறுப்பு கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் மனோபாவத்தைப் பற்றியவரை அவர் சொல்வது சரி. டோல்கீனின் துயரம், இழந்த பொற்காலத்தின் ஏக்கம் எதுவும் இவரிடம் இல்லை. இவருடைய ஆட்கள் காசுக்காக நிலவறைக்குள் இறங்குகிறவர்கள். அனுபவத்துக்கே தங்க நாணயத்தில் அளவு வைத்தவர் இவர். அமெரிக்கச் சிற்றூர்க்காரனின் கற்பனை. அதில் எனக்குக் குறை தெரியவில்லை, பாசாங்கு இல்லையே.

குறை தெரியும் இடம் வேறு. 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் ராக்ஷஸன் இருக்கிறான். டேவிட் ட்ராம்பியர் வரைந்த படம்: புலித்தலை, சீமான் வீட்டு அங்கி, கையில் புகைக்குழாய். இந்தியாவில் முதலில் அறியப்பட்டுப் பரவிவருகிற தீய ஆவி, எதிராளி நம்புகிற உருவத்தில் தோன்றும், ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் சாகும் என்று குறிப்பு. கம்பனின் இராவணனோடு வளர்ந்த நமக்கு இந்தக் குறுக்குவில் எங்கிருந்து வந்தது என்று திகைப்பு வரும். தொலைக்காட்சியிலிருந்து வந்தது. கோல்சாக்: த நைட் ஸ்டாக்கர் என்ற தொடரில் 1974-ல் வந்த ஓர் அத்தியாயம், அங்கேதான் நம்பிக்கையானவர் உருவில் வருவதும் குறுக்குவில்லும். வால்மீகியும் இல்லை, கம்பனும் இல்லை. இரவு நேரத் திகில் தொடர். 1980-ல் அவருடைய கம்பெனி வெளியிட்ட டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸில் இந்திரன், வருணன், காளி, விஷ்ணு வரிசையில் கார்த்திகேயனும் உண்டு, ஹிட் பாயிண்டோடு. எனக்குக் கோபம் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழனியில் இருப்பவருக்கு இதனால் எதுவும் குறையாது. என் ஆட்சேபணை அவருடைய சொந்தத் தர்க்கத்தின்படி. எண் என்பது சதையல்ல, ஒரு சுருக்கக் குறி என்றவர், எதன் சுருக்கம் அது என்று கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். வீரனின் எண்ணுக்குப் பின்னால் லாவகமும் அதிர்ஷ்டமும் இருக்கின்றன. அந்த வாழ்க்கையை அவர் கற்பனை செய்து பார்த்திருக்கிறார். ராக்ஷஸனின் எண்ணுக்குப் பின்னால் எதுவும் இல்லை. படமும் ஒரு மணி நேரக் கதையும்தான். அட்டவணையின் பசிக்குப் போட்ட தீனி.

பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். 1978-ன் ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணுக்கு இல்லாத உச்சவரம்பு போட்டார். யதார்த்தம் வேண்டாம், டிராகனும் மந்திரமும் உள்ள உலகில் யதார்த்தத்துக்கு என்ன வேலை என்று பக்கம் பக்கமாக வாதிட்ட மனிதருக்கு இந்த ஓரிடத்தில் மட்டும் உடற்கூறு ஞாபகம் வந்துவிடுகிறது. முதுமையிலும் பெண்களின் மூளை அமைப்பே இந்த விளையாட்டுக்கு ஒத்துவராதது என்கிற மாதிரிப் பேசினார். லீ கோல்டின் இதழ் ஏறத்தாழ ஐம்பது வருஷம் வந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

மறுபடி அந்த ஸ்டென்சில் இதழுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு உறுத்துவது அங்கேதான். அந்தச் சிறுவட்டத்தில் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் மேஜையில் நடந்ததை எழுதினார்கள். கைகாக்ஸின் விதி எங்கே தங்களுக்குப் போதவில்லை என்று எழுதினார்கள். மனப்பாட மந்திரம் பிடிக்காமல் வேறு கணக்கு போட்டார்கள். பிற்பாடு வந்த மாற்று விளையாட்டுகளில் பலவும் இந்த மாதிரிச் சர்ச்சைகளிலிருந்து கிளைத்தவைதாம். 1974-ல் கைகாக்ஸ் எதைச் செய்யச் சொன்னாரோ அதையே செய்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்டதற்காகத் திட்டு வாங்கியவர்கள்.

இதை எழுதும்போது எனக்குச் சுகமாக இல்லை. நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திய பத்திரிகைக்கு ஓர் இளைஞர் கவிதைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். யாப்பை உடைத்ததே எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் செய்த காரியம். அந்தச் சுதந்திரத்தின் பிள்ளைகள் நாங்கள். அவர் அனுப்பியது எங்கள் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லை. நீள நீளமாக, ஏறக்குறைய பாட்டுப் போல, வெட்கமில்லாத உணர்ச்சியோடு இருந்தன. 'இது கவிதை அல்ல' என்று மூன்றே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பினேன். பிடிக்கவில்லை என்று எழுதவில்லை. பலவீனம் எங்கே என்று எழுதவில்லை. இது அதுவல்ல என்றேன். கைகாக்ஸ் எல்லையைத் தாண்டியவர்களிடம் சொன்னதும் அதே வாக்கியம்தான். எனக்குக் கம்பெனி இல்லை, ராயல்டி வழக்கு இல்லை, இழக்க ஒரு காசு இல்லை. ஆகவே காசுதான் காரணம் என்ற நண்பரின் விளக்கம் எனக்கு ஏன் போதவில்லை என்பது இப்போது புரியும். அந்த இளைஞர் அதற்குப் பிறகு எதுவும் அனுப்பவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்னெஸன். 1960களின் பிற்பகுதியில் டேவிட் வெஸ்லி என்ற மின்னஸோட்டாக்காரர், படைகளை நகர்த்தும் போர் விளையாட்டுக்குள் ஆளுக்கொரு தனிமனிதப் பாத்திரம் கொடுத்துப் பார்த்தார். ஆர்னெஸன் அதை எடுத்து 1971 வாக்கில் பிளாக்மூர் என்ற கற்பனை நாடாக வளர்த்தார். 1972 கடைசியில் லேக் ஜெனீவாவுக்குப் போய் கைகாக்ஸின் வீட்டில் ஆடிக் காட்டினார். அவரிடம் எழுத்தில் இருந்தது கொஞ்சம் குறிப்புகள், மீதி தலைக்குள். வாரத்துக்கு வாரம் விதி மாறும். கைகாக்ஸ் எழுதாதிருந்தால் அந்தக் கற்பனை மின்னஸோட்டாவில் சில வீடுகளின் நிலவறைகளோடு போயிருக்கும். ஆர்னெஸன் ஆடிக் காட்டாதிருந்தால் கைகாக்ஸ் இன்னும் நாலு நல்ல போர் விளையாட்டுகள் எழுதியிருப்பார். எழுதப்படாமல் நிற்பதில் ஒரு தூய்மை இருக்கிறது என்று ஆர்னெஸன் பக்கம் சாய்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தூய்மையில் நம்பிக்கை இல்லை. எழுத்தில் வராதது அடுத்த ஊருக்குப் போகாது. போவதற்கு அது கொடுக்கிற விலை என்ன என்பதுதான் கேள்வி.

அந்த விலை டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின் உள்ளேயே தெரிகிறது. முன்னுரையில் எல்லை காக்கச் சொன்னவர் அதே புத்தகத்தின் கடைசியில், விதியின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு வக்கீல் போல வாதாடுகிற ஆட்டக்காரனுக்கு இடம் கொடுக்க வேண்டாம், விளையாட்டின் உயிர்தான் முக்கியம் என்கிறார். நடுவில் ஓரிடத்தில், பகடை தரும் முடிவு நியாயமற்றதாக இருந்தால் நடுவர் அதை ஒதுக்கிவிடலாம் என்று அனுமதியும் தருகிறார். முன்னுரைக்கும் பின்னுரைக்கும் நடுவே இருநூறு பக்க அட்டவணை. இந்த முரண்பாட்டை அவர் தீர்க்கவில்லை. தீர்க்க முயன்றதாகவும் தெரியவில்லை. அந்தப் புத்தகம் இன்றும் வாசிக்கத் தகுந்ததாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பது என் துணிபு. பத்திரிகையில் எழுதியபோது ஒரு குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை அடித்தார். அங்கே அவர் சின்ன மனிதர்.

அதற்குப் பின் நடந்தவற்றை விரிவாகச் சொல்லப்போவதில்லை. 1985-ல் தன் கம்பெனியின் ஆட்சியை இழந்தார். 1992-ல் டேஞ்சரஸ் ஜர்னீஸ் என்ற புதிய விளையாட்டை வெளியிட்டபோது, தன் பழைய உடைமையிலிருந்து எடுத்தது என்று பழைய கம்பெனியே அவர்மேல் வழக்குப் போட்டது. சமரசத்தில் உரிமையை வாங்கி மூடிவைத்தது. நகலெடுப்பவன் என்ற வசை சுற்றிக்கொண்டு அவர் வாசலுக்கே வந்தது. 1999-ல் வந்த லெஜண்டரி அட்வெஞ்சரில் விதிகளை வெகுவாகக் குறைத்துவிட்டார். 2000-ல் மற்றவர்கள் செய்த மூன்றாம் பதிப்பைப் பார்த்து, விதி அதிகம், நடுவருக்கு இடமில்லை என்று குறை சொன்னார். முதல் குரல் திரும்பிவந்துவிட்டது. காவல் காக்க இனி எதுவும் இல்லாதபோது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்ச்சை மட்டும் அவரோடு போய்விடவில்லை. 1997-ல் அந்தக் கம்பெனியை வாங்கிய விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், விதிகளின் எலும்புக்கூட்டை யாரும் எடுத்தாளலாம் என்று 2000-ல் ஒரு திறந்த உரிமம் கொடுத்திருந்தது. 2023 ஜனவரியில் அதைச் செல்லாததாக்க முயன்று, ஆடுகிறவர்களின் எதிர்ப்பில் பின்வாங்கி, அந்த மாதக் கடைசியிலேயே அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. 1978-ல் கைகாக்ஸ் திட்டியவர்களின் வாரிசுகள் அவர்கள்.

கைகாக்ஸ் 2008 மார்ச் 4 அன்று லேக் ஜெனீவாவில் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஊரில் ஒரு மண்டபத்தில் கூடி மேஜைகளைப் போட்டு விளையாடினார்கள். அது பிறகு வருஷாந்திரக் கூட்டமாக நிலைத்துவிட்டது.

நண்பருக்கு நான் பதில் சொல்லி முடித்துவிட்டேனா தெரியவில்லை. ஒரு சின்ன விவரம் பாக்கி. ஆட்டத்தில் காலத்துக்குக் கணக்கு வைக்காவிட்டால் எல்லாம் வியர்த்தம் என்று 1979 புத்தகத்தில் ஒரு வாக்கியம் முழுவதையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். ஆட்டம் நடக்காத நாட்களில், இங்கே ஒரு நாள் போனால் அங்கேயும் ஒரு நாள் போகும் என்பது அவருடைய ஏற்பாடு. மருமகனின் சிநேகிதர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிவிட்டார்கள். அந்த ஆட்டம் அன்றோடு நின்றது. நான் அன்று கடைசிவரை வாய் திறக்காததால் என் புரோகிதன் கிணற்றடியிலேயே நிற்கிறான், நாலு ஹிட் பாயிண்டோடு. கைகாக்ஸின் கணக்குப்படி அவனுக்கு அங்கே ஆறு வருஷமாகிறது. பொங்கலுக்குப் பையன் வருவதாக எழுதியிருக்கிறான். இறங்குகிறேன் என்று சொல்ல வேண்டும்.